வாயில்லா ஜீவனுக்கு வைத்தியம்: கையில் காசில்லாத வேளையில்

நவராத்திரி முடிந்து கொலுப் படிகளைக் கழற்றி வைத்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். எங்கள் அபார்ட்மெண்டின் குப்பைத் தொட்டி ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு கடுவன் பூனை நின்றது. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. வால் அடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். "ஐயோ பாவம்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு சாம்பாருக்குத் தாளிக்கப் போய்விட்டேன். இந்தக் கட்டுரையில் நான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய தவறு அதுதான்.

எங்கள் வெஸ்ட் வின்ட்சர், உலகப் பிரசித்தி பெற்ற ஊர் என்பது அன்பர்களுக்குத் தெரிந்திருக்கும். 1938இல் ஆர்சன் வெல்ஸ் நடத்திய வானொலி நாடகத்தில் செவ்வாய்க் கிரகத்தார் வந்து இறங்கியது இங்கே உள்ள குரோவர்ஸ் மில்லில்தான். செவ்வாயிலிருந்து வந்தால் ஊரே ஓடி வந்து பார்க்கும். எங்கிருந்தோ ஒரு பூனை வந்தால் யார் கவனிப்பார்கள்?

அது எங்களுக்குச் சரியான காலமும் அல்ல. என் கணவருக்கு ஆகஸ்ட் மாதத்தோடு கான்டிராக்ட் வேலை முடிந்திருந்தது. அடுத்த வேலை எப்போது என்று தெரியாது. வாடகை, கார் இன்ஷூரன்ஸ், பையனின் பள்ளிக்கூட வயலின் வாடகை என்று ஒவ்வொன்றையும் விரல் விட்டு எண்ணிக் கொண்டிருந்தோம். திருவண்ணாமலையிலிருந்து என் மாமியார் ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அவருக்கு எங்கள் நிலை தெரியக்கூடாது என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மூன்று வைத்தியர்கள்

திங்கட்கிழமை பூனை எங்கள் பின்பக்கத் தாழ்வாரத்துக்கே வந்து படுத்துக்கொண்டது. மாமியார் முதலில், "காலையில எழுந்ததும் பூனை முகத்துல முழிக்கிறதா?" என்று முகம் சுளித்தார். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்மணி அதைக் கேட்டுச் சிரித்தார். குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு அவர்கள் ஊரில் பூனைதான் வாகனமாம். அன்று மாலையே என் மாமியார் அதற்குச் 'செவலை' என்று பெயர் வைத்துவிட்டார். நம் ஊரில் செந்நிற மாட்டுக்கு வைக்கும் பெயர். பெயர் வைத்த பிறகு அது நம் வீட்டு ஜீவன் ஆகிவிடுகிறது அல்லவா?

அதன் பிறகு வீட்டில் மூன்று வைத்தியர்கள் கிளம்பினோம். "ஏம்மா, மஞ்சளை வேப்பெண்ணெயில குழைச்சுப் போட்டா ரெண்டே நாள்ல ஆறிடுமே" என்றார் மாமியார். "அதெல்லாம் வேண்டாம் அத்தை, டெட்டால் ஊத்திக் கழுவலாம்" என்றேன் நான். என் கணவர், "ஹைட்ரஜன் பெராக்ஸைடு இருக்கே, அது போதும்" என்றார். நல்ல வேளையாகச் செவலை யாரையும் கிட்டே விடவில்லை.

செவ்வாய் இரவு அது வலியில் முனகியது. எனக்குப் பொறுக்கவில்லை. நமக்குத் தலைவலி வந்தால் என்ன செய்கிறோம்? டைலனால் மாத்திரையில் பாதியைப் பொடி செய்து பாலில் கலந்து, கிண்ணத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தேன். ஒரு புண்ணியம் செய்த திருப்தியோடு தூங்கினேன்.

புதன்கிழமை காலை கிண்ணம் வைத்தபடியே இருந்தது. செவலை அதைத் தொடவில்லை. வீக்கம் உடைந்து, சீழும் ரத்தமும் வடிந்து, தாழ்வாரமே நாற்றமெடுத்தது. அப்போதுதான் பயந்துபோய் ஒரு மிருக வைத்தியசாலைக்குப் போன் செய்தேன். பேச்சுவாக்கில் மாத்திரை விஷயத்தையும் சொன்னேன். எதிர்முனையில் இருந்த நர்ஸ் ஒரு கணம் பேசவில்லை. பிறகு, "அது குடித்ததா, குடிக்கவில்லையா? நிச்சயமாகச் சொல்லுங்கள்" என்றார். குடிக்கவில்லை என்றதும், "உடனே போய் அதைக் கொட்டிக் கிண்ணத்தைக் கழுவுங்கள். நான் லைனிலேயே இருக்கிறேன்" என்றார்.

டைலனாலில் இருப்பது அசெட்டமினோஃபென். நம் ஊரில் பாராசிட்டமால் என்கிறோம். மனிதனின் கல்லீரல் அதைப் பக்குவப்படுத்தி வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு வேண்டிய சக்தி மிகக் குறைவு. மருந்து உடலிலேயே விஷமாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். ஈறுகள் பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். சாதாரண மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். ஆஸ்பிரினும், ஐபுப்ரோஃபெனும் அப்படியே ஆபத்தானவை.

நான் பாலில் கலந்து வைத்தது அன்பு என்று நினைத்தேன். அது நஞ்சு. செவலைக்குப் பசி இல்லாததுதான் அன்று அதைக் காப்பாற்றியது.

அண்ணாமலையில் ஒரு நொண்டி

அன்று இரவு நான் அழுதுகொண்டிருந்தபோது மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பகவான்கிட்ட ஒரு குரங்கு இருந்துச்சே, தெரியுமா?" என்று ஆரம்பித்தார். ரமண மகரிஷி விரூபாக்ஷி குகையில் இருந்த காலம். ஒரு சிறு குரங்கைக் கூட்டத்தின் தலைவன் கடித்துக் குதறிவிட்டது. மற்றவை அதைக் குகைப் பக்கம் விட்டுவிட்டுப் போய்விட்டன. மகரிஷி அதை எடுத்து வைத்துக் காயம் ஆறும்வரை கவனித்தார். அது நொண்டியதால் 'நொண்டி' என்றே பெயர். மனிதர் தொட்டு வளர்த்த குரங்கைக் கூட்டம் பொதுவாகத் திரும்பச் சேர்ப்பதில்லை. ஆனால் இந்தக் கூட்டம் சில நாட்களில் வந்து நொண்டியைத் தன்னோடு அழைத்துக் கொண்டது. அதன் பிறகு மற்றவை எட்டி நின்றாலும், நொண்டி மட்டும் மகரிஷியின் மடியிலேயே வந்து உட்காருமாம். இலையில் சோறு வைத்தால் ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுமாம்.

"அவர்கிட்ட என்ன காசா இருந்துச்சு? கோவணம் ஒண்ணுதான்" என்றார் மாமியார். "ஆனா பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டார். நாம மூணு நாளு ஜன்னல் வழியா பார்த்தோம்."

அந்த ஒரு வார்த்தை எனக்கு உறைத்தது. நாங்கள் செய்யாமல் விட்டதற்கெல்லாம் பணமில்லை என்று காரணம் சொல்லிக் கொண்டிருந்தோம். ஞாயிறன்றே ஒரு போன் செய்திருந்தால் அதற்குக் காசு ஏது?

நான் பிறந்து வளர்ந்த தியாகராய நகரிலேயே இதற்கு இன்னொரு உதாரணம் உண்டு. 1959இல் பெருமழையில் தி. நகர்த் தெருவில் வெள்ளம் ஓடியது. அதில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானியான கேப்டன் வி. சுந்தரம் தூக்கி வீட்டுக்குக் கொண்டு வந்தார். அவரும் மனைவி உஷாவும் பிள்ளைகளும் வீட்டிலேயே இப்படிப்பட்ட பிராணிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். அதுதான் இன்று சென்னையில் இருக்கும் புளூ கிராஸ் சங்கத்தின் பிறப்பு. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்து விடலாம் என்ற திட்டத்தை அவர்கள் 1964இலேயே தொடங்கினார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996இல். கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் மாநிலங்களவையில் கொண்டு வந்த மசோதாதான் பிறகு 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி வகுத்தது. பெரிய காரியங்கள் பல, ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

காயம் எப்படி வருகிறது?

இனி, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை அன்பர்களுக்குப் பயன்படும்படி சொல்கிறேன்.

தெருவில் திரியும் கடுவன் பூனைகள் எல்லைக்காகவும் துணைக்காகவும் சண்டை போடும். பூனையின் பல் ஊசி போன்றது. தோலில் விழும் துளை மிகச் சிறியது. ஓரிரு நாளில் மேலே மூடிக்கொள்ளும். ஆனால் பல்லில் இருந்த கிருமிகள் உள்ளே தங்கிவிடும். இரண்டு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் உள்ளே சீழ் கட்டி வீங்கும், காய்ச்சல் வரும், பூனை சாப்பிடாது. பிறகு கட்டி தானே உடையும். உடைந்ததும் வலி குறைந்து பூனை தெளிந்தாற்போல் தோன்றும். அதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நாம் ஏமாந்துவிடக் கூடாது. வாய் மூடி உள்ளே சீழ் தங்கினால் மீண்டும் கட்டும்.

மேலே பூசும் எந்த மருந்தும் உள்ளே இருக்கும் சீழுக்குப் போய்ச் சேராது. மஞ்சளும் எண்ணெயும் புண்ணின் வாயை அடைத்துவிடும். போதாததற்குப் பூனை அத்தனையையும் நக்கி விழுங்கிவிடும். டெட்டாலில் உள்ள பீனால் வகைப் பொருள் பூனைக்கு விஷம். ஹைட்ரஜன் பெராக்ஸைடு கிருமியோடு ஆறிவரும் சதையையும் அரித்துவிடும். டீ ட்ரீ எண்ணெயும், நாய்களுக்குப் போடும் பெர்மெத்ரின் உண்ணி மருந்தும் பூனையின் நரம்புகளைத் தாக்கும். எங்கள் வீட்டு மூன்று வைத்தியர்களும் தோற்ற கதை இதுதான்.

செலவில்லாமல் கை செய்யக்கூடியது

முதலாவது, நம்மைக் காத்துக்கொள்வது. நியூ ஜெர்ஸியில் 1989இல் ரக்கூன்கள் வழியாக ரேபீஸ் பரவத் தொடங்கியது. அதன் பிறகு இம்மாநிலத்தில் ரேபீஸ் கண்ட வீட்டு மிருகங்களில் பூனைகளே மிக அதிகம். ஆகையால் தெருப்பூனையை வெறுங்கையால் தொடக்கூடாது. தடித்த கையுறை வேண்டும். குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பூனைக்கடி வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் கையில் உள்ளே சீழ் பிடித்துவிடும். கடித்த பூனையை 10 நாள் அடைத்து வைத்துக் கவனிப்பது வழக்கம். எனவே அதை விரட்டிவிடவும் கூடாது. டவுன்ஷிப் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். எதனால் வந்தது என்று தெரியாத காயம் என்றாலும் அவர்களைக் கேட்டுக்கொள்வதே நல்லது.

இரண்டாவது, பூனையை ஒரு சிறு இடத்தில் அடக்குவது. துரத்திப் பிடிக்கக் கூடாது. கூண்டுக்குள் பழைய துண்டு விரித்து, உள்ளே வாசனையுள்ள பூனை உணவை வைத்து, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எங்களிடம் கூண்டு இல்லை. எங்கள் அபார்ட்மெண்டில் குழாய் பழுது பார்க்கும் ஸ்பானிஷ் மொழிக்காரர் தன் வண்டியிலிருந்து பொறிக்கூண்டு ஒன்றை எடுத்து வந்து கொடுத்தார். "இடது காது நுனி வெட்டியிருக்கா பாருங்க" என்று அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் அந்தப் பூனைக்கு ஏற்கெனவே கருத்தடை செய்து விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். செவலைக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன.

மூன்றாவது, உடைந்த புண்ணைச் சுத்தமாக வைப்பது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு, தலை தட்டிய இரண்டு டீஸ்பூன் சாதா உப்பு. அந்த வெதுவெதுப்பான நீரைத் துணியில் நனைத்து ஐந்து நிமிஷம் ஒற்றடம் போல வைத்து எடுக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பிழியக் கூடாது, கட்டுப் போட்டு மூடக் கூடாது. பூனை விடாவிட்டால் வற்புறுத்தவும் கூடாது. டாக்டரிடம் போகும்வரை இது ஓர் உதவி. டாக்டருக்குப் பதில் அல்ல.

நான்காவது, சாப்பாடு. நம்மில் பலர் சைவ உணவுக்காரர்கள். எங்கள் வீட்டிலும் முதலில் தயிர்சாதமும் பாலும்தான் வைத்தோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். அதைவிட முக்கியம், டாரின் என்ற சத்து. மாமிசத்தில்தான் அது இயற்கையாகக் கிடைக்கும். பூனையின் உடல் தானே போதிய அளவு செய்துகொள்ளாது. டாரின் இல்லாவிட்டால் பூனையின் கண் கெடும் என்று 1975இலும், இதயம் தளரும் என்று 1987இலும் ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். வெங்காயமும் பூண்டும் அதன் ரத்த அணுக்களைச் சிதைக்கும். ஆகவே மீந்த குழம்பு சாதமும் ஆகாது.

இதைச் சொன்னபோது வீட்டில் சற்று நேரம் மௌனம். மாமியார்தான் தீர்த்து வைத்தார். "அதோட தர்மம் அது. நம்ம தர்மத்தை அது தலையில கட்டக் கூடாது. தாழ்வாரத்துல தனித் தட்டு வச்சிரு." மளிகைக்கடையில் மலிவான பூனை உணவு டப்பா ஒன்று ஒரு டாலரைச் சுற்றித்தான். அதன் நாற்றம் எங்களுக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று.

காசு எங்கே அவசியம்?

புதன்கிழமை போன் செய்த இடத்தில் பரிசோதனை, ரத்தச் சோதனைகள், மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்தல் எல்லாம் சேர்த்து 640 டாலர் ஆகலாம் என்றார்கள். "மன்னிக்கவும்" என்று போனை வைத்துவிட்டேன். வியாழக்கிழமை வேறோர் இடத்துக்குப் போன் செய்தபோது என் கணவர் ஒரு யோசனை சொன்னார்: "எவ்வளவு ஆகும்னு கேக்காதே. நம்மால எவ்வளவு முடியும்னு முதல்லயே சொல்லு." அப்படியே சொன்னேன். இது தெருப்பூனை, எங்களுக்கு வேலை இல்லாத சமயம், 300 டாலருக்குள் எது மிக அவசியமோ அதை மட்டும் செய்ய முடியுமா?

அந்த டாக்டர் அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. இது தினமும் கேட்கும் கேள்விதான் என்றார். எது இன்றே வேண்டும், எது பின்னால் ஆகலாம் என்று பிரித்துச் சொன்னார். கட்டியைத் திறந்து கழுவுவது, கிருமிக்கொல்லி மருந்து, பூனைக்கு ஏற்ற வலி மருந்து, ரேபீஸ் தடுப்பூசி ஆகிய நான்கும் இன்று. ரத்தச் சோதனை பிறகு. கிருமிக்கொல்லியை மாத்திரையாகத் தராமல், இரண்டு வாரம் வரை வேலை செய்யும் ஒரே ஊசியாகப் போட்டார். பிடிக்கு அகப்படாத தெருப்பூனைக்குத் தினமும் மாத்திரை கொடுப்பது யாரால் ஆகும்? மொத்தம் 260 டாலர் ஆயிற்று.

அந்த 260 எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்குத் திரும்பும்போது பேத்திகளுக்கு ஏதாவது வாங்க என்று மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த 100 டாலர் முதலில் வந்தது. வங்காளி வீட்டார் 50. மாடியில் இருக்கும் குஜராத்திப் பெரியவர் 40. பஜனைக்கு வரும் ஒரு சிநேகிதி 30. மீதி 40 எங்களுடையது. யாருக்கும் அது பாரமாக இல்லை. நாங்கள் மட்டும் தனியே சுமந்திருந்தால் அந்த மாத வாடகையில் கை வைத்திருப்போம். அல்லது செவலையை விட்டிருப்போம். கேட்பதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. கேட்ட பிறகு ஏன் ஞாயிற்றுக்கிழமையே கேட்கவில்லை என்று வெட்கமாக இருந்தது. கட்டி உடைவதற்கு முன் வந்திருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

யாரிடம் போகலாம்?

முதலில், அந்தப் பூனை யாராவது தொலைத்ததா என்று பார்க்க வேண்டும். தோலுக்கடியில் சிப் இருக்கிறதா என்று கருவியால் தடவிப் பார்ப்பதற்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. உரியவர் கிடைத்துவிட்டால் வைத்தியச் செலவும் அவருடையது. ஒரு வீட்டின் கண்ணீரும் துடைக்கப்படும்.

நியூ ஜெர்ஸிச் சட்டப்படி ஒவ்வொரு ஊருக்கும் பயிற்சி பெற்ற அனிமல் கன்ட்ரோல் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். பலத்த காயம் பட்ட, நெருங்க முடியாத பூனை என்றால் டவுன்ஷிப்புக்குப் போன் செய்து அவரை அழைக்கலாம். காப்பகத்தில் சேர்க்கப்படும் தெருப்பிராணியை உரியவர் தேடி வருவதற்காகக் குறைந்தது 7 நாள் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதன் பிறகு என்ன ஆகும் என்பதை அவரிடமே தயங்காமல் கேட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் நல்ல அமைப்புகள் இருக்கின்றன. பிரின்ஸ்டனில் 1941இல் தொடங்கிய 'சேவ்' காப்பகம் இப்போது ஸ்கில்மேனில் இருக்கிறது. யூவிங்கில் 'ஈஸல்' என்று ஓர் அமைப்பு. நம் ஊர் மழைக்கால ஈசல் அல்ல, நீடித்து உழைப்பவர்கள். 'பீப்பிள் ஃபார் அனிமல்ஸ்' என்ற அமைப்பு ஹில்சைடிலும் ராபின்ஸ்வில்லிலும் குறைந்த கட்டணத்தில் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து வருகிறது. எங்கே போவதானாலும் முன்கூட்டிப் போன் செய்து விசாரித்துவிட்டுப் போவது உத்தமம். வீட்டில் வளர்க்கும் நாய் பூனைகளுக்கு ரேபீஸ் தடுப்பூசியைப் பல ஊர்களில் டவுன்ஷிப்பே இலவசமாகப் போடுகிறது. மருந்தை மாநில சுகாதார இலாகா கொடுத்து உதவுகிறது.

ஆனால் சில அறிகுறிகள் கண்டால் இலவசமா மலிவா என்று தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுத்தோ பழுத்தோ போவது, ஒரு நாள் முழுதும் ஒன்றும் தின்னாமல் சுருண்டு கிடப்பது, புண்ணில் புழு நெளிவது, கண்ணருகில் காயம், எலும்போ சதையோ வெளியே தெரிவது, கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முடியாமல் முக்குவது. இவற்றில் எது கண்டாலும் அந்த மணி நேரமே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சில சமயம் டாக்டர், வலியில்லாமல் கண்மூட விடுவதே நல்லது என்பார். அதுவும் ஒரு வைத்தியம்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தாழ்வாரத்தில் மூன்று நாள் முனகிச் சாவதைவிட அது கருணை.

செவலை இப்போது

ஊசி போட்ட மூன்றாம் நாள் செவலை தட்டைக் காலி செய்துவிட்டு எங்களைப் பார்த்துக் கத்தியது. மாமியார் அதைக் கேட்டு, "பசிக்குதுன்னு சொல்றான், பிழைச்சுட்டான்" என்றார். கார்த்திகை தீபத்துக்குள் புண் முழுசாக ஆறிவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு குறைந்த கட்டண மருத்துவமனை ஒன்றில் கருத்தடையும் செய்தோம். கருத்தடை செய்த கடுவன் அவ்வளவாகச் சண்டைக்குப் போகாது. சண்டை குறைந்தால் காயமும் குறையும். ஒரு காயத்துக்கு 260 டாலர் கொடுத்த எங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரிந்தது. இப்போது அதன் இடது காது நுனி வெட்டப்பட்டிருக்கிறது. மாமியார் அதைக் 'காதுகுத்து' என்று சொல்லி அன்று பாயசம் வைத்தார்.

என் கணவருக்கு மாசி மாதம் வேலை கிடைத்தது. செவலை வந்த அதிர்ஷ்டம் என்கிறார் மாமியார், நான் மறுப்பதில்லை. கடன் கொடுத்த கூண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நாங்களே ஒன்று வாங்கி வைத்திருக்கிறோம். வெஸ்ட் வின்ட்சர் பக்கத்து அன்பர்கள் யாருக்காவது வேண்டுமானால் கோயிலில் என்னைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். கூடவே ஒரு ஜோடி தடித்த கையுறையும் தருகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் வேண்டுகிறேன். காயம் பட்ட ஜீவன் கண்ணில் பட்டால், அன்றைக்கே ஒரு போன் செய்யுங்கள். வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் செய்யுங்கள். அந்தக் கிண்ணத்துப் பாலை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு நடுங்குகிறது.